சிற்றிடைச்சொல் மகாத்மியம்

ஆங்கிலம் கற்கத் தொடங்கும் மாணாக்கன் நீண்ட சொற்களைக் கண்டு நடுங்குவதும், குட்டிச் சொற்களைத் துச்சமாக மதித்து ஒதுக்குவதும் நம் பள்ளிக்கூடங்களில் தலைமுறை தலைமுறையாக நடந்துவரும் ஓர் அநீதி. பதினாறு எழுத்துச் சொல்லொன்றை உருப்போட்டு, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பிசகாமல் ஒப்பிக்கும் சிறுவனுக்கு வகுப்பில் பென்சில் பரிசாகக் கிடைக்கிறது. ஒரே எழுத்தாலான 'எ' என்னும் சொல்லை எங்கே வைப்பது, எங்கே வையாதிருப்பது என்பதை அறிந்த சிறுவன் ஒருவன் இருப்பானேயாகில், அவனை ஏறெடுத்துப் பார்ப்பாரில்லை. இந்த அநீதியைக் களைந்து, ஆங்கில வாக்கியத்துக்குள் மெய்யான அதிகாரம் யார் கையில் இருக்கிறதென்பதைத் தக்க பிரமாணங்களுடன் நிறுவுவதே இக்கட்டுரையின் பிரயோஜனம்.

நான் கண்ட நியாயம் வருமாறு: ஆங்கிலத்தில் ஒரு சொல்லின் ஆற்றல் அதன் எழுத்துத் தொகைக்குத் தலைகீழ் விகிதத்தில் அமையும். சொல் குறுகக் குறுக வலிமை பெருகும். நீள நீள வலிமை குன்றும். இதற்கு 'லகு குரு நியாயம்' என்று நாமகரணம் செய்திருக்கிறேன். பெயர் வடமொழியில் இருந்தாலொழிய ஒரு சாஸ்திரத்துக்கு மதிப்பு உண்டாவதில்லை என்பது அநுபவ சித்தம்.

முதலில் பிரத்தியட்சப் பிரமாணம். ஆக்ஸ்போர்டு பேரகராதியின் இரண்டாம் பதிப்பு 1989-இல் வெளிவந்தபோது, அந்த மகா சமுத்திரத்தில் மிகப் பெரிய இடத்தை ஆக்கிரமித்துக்கொண்டிருந்த சொல் 'செட்', மூன்றே எழுத்து. பின்னர் அகராதியைத் திருத்திப் புதுக்கியவர்கள் அந்தச் சிம்மாசனத்தில் ஏற்றி வைத்தது 'ரன்'. அதற்கும் மூன்றே எழுத்து. வினைச்சொல்லாக மட்டும் அதற்கு 645 பொருள்கள் என்று அவர்கள் கணக்கிட்டார்கள். இனி மறுபுறம் பாருங்கள். 'ஃப்ளாக்ஸினாஸினிஹிலிபிலிஃபிகேஷன்' என்று ஒரு சொல் அதே அகராதியில் இருக்கிறது. அவர்கள் எழுத்தில் எழுதினால் 29 எழுத்து வரும். இத்தனை பெரிய சரீரத்துக்குள் இருக்கும் பொருளோ ஒன்றே ஒன்று: எதையேனும் பயனற்றதென்று மதித்துத் தள்ளுதல். தன் இனத்தாரைப் பற்றி அந்தச் சொல்லே இவ்வாறு வாக்குமூலம் கொடுத்துவிட்ட பிறகு வேறு சாட்சி அவசியமில்லை. ஆயினும், ஆராய்ச்சி என்று பெயர் வைத்துவிட்டு ஒரே சாட்சியோடு நிறுத்திவிடுவது சம்பிரதாயத்துக்கு விரோதமாகையால் மேலே செல்வோம்.

இங்கே ஒரு பூர்வபட்சம் எழக்கூடும். 'எ', 'தி', 'அவுட்', 'டவுன்' முதலியவை தமக்கெனப் பொருளற்றவை. பெயரையும் வினையையும் சார்ந்து பிழைப்பவை. அவற்றுக்கு ஏது அதிகாரம் என்று கேட்பார் கேட்கலாம். அவ்வாறு கேட்பவர் தமிழராக இருந்தால் அவர் தொல்காப்பியத்தின் பக்கமே போகாதவர் என்று துணிந்து கூறுவேன். பெயரோடும் வினையோடும் சேர்ந்தல்லாது தனித்து இயங்கும் இயல்பற்ற சொல்லுக்கு இடைச்சொல் என்று பெயரிட்டு, அதற்கென இடையியல் என்று ஓர் இயலையே ஒதுக்கியவர் தொல்காப்பியர். ஓர் ஏகாரத்துக்குத் தேற்றம், வினா, பிரிநிலை, எண், ஈற்றசை என ஐந்து பொருளும், ஓர் உம்மைக்கு எட்டுப் பொருளும் அவர் வகுத்திருக்கிறார். "அவனே வந்தான்" என்பதற்கும் "அவனும் வந்தான்" என்பதற்கும் இடையே உள்ள தூரத்தை, சொத்துப் பாகப்பிரிவினைக்கு உட்கார்ந்திருக்கும் எந்தக் குடும்பமும் நன்கறியும். ஆகவே குட்டிச் சொல்லின் மகிமை நமக்குப் புதிதன்று. ஆங்கிலத்தின் குட்டிச் சொற்களை நாம் இலட்சியம் செய்யாததுதான் புதுமை.

இலட்சியம் செய்யாமைக்கு ஒரு காரணமும் உண்டு. 'எ', 'தி' என்னும் இரண்டுக்கும் நேரான இடைச்சொற்கள் தமிழில் இல்லை. 'ஒரு' என்றும் 'அந்த' என்றும் நாம் ஒப்பேற்றுகிறோம். ஆனால் அவற்றை விட்டுவிட்டாலும் நம் வாக்கியம் சௌக்கியமாகவே இருக்கும். ஆங்கில வாக்கியம் அப்படி இராது. மணமகனின் தகப்பனார் சென்ற மாதம் சிறைச்சாலைக்குப் போனார் என்னும் செய்தியைச் சம்பந்தி வீட்டாருக்கு ஆங்கிலத்தில் எழுத நேர்ந்த ஒருவரை நினைத்துப் பார்க்கலாம். 'பிரிசன்' என்ற சொல்லுக்கு முன்னே 'தி' போட்டு எழுதினால், அவர் யாரையோ பார்த்துவரப் போனார், அல்லது சுவருக்கு வெள்ளையடிக்கும் காண்டிராக்டை எடுக்கப் போனார் என்றாகும், விவாகம் நடக்கும். 'தி' போடாமல் எழுதினால் அவர் கைதியாகவே போனார் என்றாகிவிடும். மூன்று எழுத்து ஒரு மனிதரைச் சிறையிலிருந்து மீட்கிறது. இத்தனை மலிவான ஜாமீன் எந்த நீதிமன்றத்திலும் கிடையாது. இவ்வாறே 'ஸ்கூல்' என்று வெறுமனே சொன்னால் படிக்கப் போனவன். 'தி ஸ்கூல்' என்றால் பையன் செய்த குறும்புக்காகத் தலைமையாசிரியர் முன் கைகட்டி நிற்கப் போன தகப்பன். 'சீ' என்னும் கடலுக்கு 'தி' இல்லாமல் போகிறவன் மாலுமி. 'தி'யோடு போகிறவன் சுண்டல் வாங்குகிறவன்.

தேசங்களின் விஷயத்திலும் இந்த 'தி' தலையிட்டிருக்கிறது. 1991-இல் சுதந்திரம் அடைந்த உக்ரைன், தன் பெயருக்கு முன்னே ஆங்கிலத்தார் வழக்கமாக ஒட்டிவந்த 'தி' இனி வேண்டாம் என்றது. அது ஒட்டியிருக்கும் வரையில் ஏதோ ஒரு பெரிய ராஜ்யத்தின் மூலையிலுள்ள பிராந்தியத்தைச் சுட்டுவது போலத் தொனிக்கிறது என்பது அவர்கள் கட்சி. கட்சி நியாயமானது. காம்பியாவோ தன் 'தி'யை விடாமல் பற்றிக்கொண்டிருக்கிறது.

'ஃப்யூ' என்ற சொல்லைக் குறித்துச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஏனெனில் அதை ரென், மார்ட்டின் என்னும் இருவர் எழுதிய இலக்கண நூலின் மூலம் நம் நாட்டில் பயிலாதவர் குறைவு. ('போ ஜெஸ்ட்' என்ற சாகச நாவலை எழுதியவரும் இதே ரென்தான். ஒன்றில் பாலைவனம், மற்றதில் இலக்கணம். இரண்டிலும் தாகம் எடுக்கும்.) "எனக்கு எ ஃப்யூ நண்பர்கள் உளர்" என்றால் ஆபத்துக்கு உதவச் சிலர் இருக்கிறார்கள் என்று பொருள். அந்த 'எ'யை எடுத்துவிட்டால், நண்பர்கள் என்று சொல்லிக்கொள்ள ஏறக்குறைய ஒருவருமில்லை என்ற பரிதாபம் வந்துவிடும். 'எ' இருந்த இடத்தில் 'தி' போட்டாலோ, இருக்கிற சிலரும் இவ்வளவுதான், அவர்களிடமும் கடன் கேட்டாகிவிட்டது என்னும் குறிப்பு வெளிப்படும்.

இனி விஷயம் கனமாகிறது. 'ஷல்', 'வில்' என்னும் இரட்டையரைப் பற்றிய வரலாறு ஆங்கில வியாகரணத்திலேயே மிகவும் ரஸமானது. தன்மையில் 'ஷல்' வந்தால் வெறும் எதிர்காலம், 'வில்' வந்தால் மனவுறுதி. முன்னிலையிலும் படர்க்கையிலும் இது தலைகீழாக மாறும் என்ற விதியை 1653-இல் விதித்தவர் ஜான் வாலிஸ் என்பவர். ஆங்கிலத்துக்கான அந்த இலக்கணத்தை அவர் லத்தீன் மொழியில் எழுதினார். ஆங்கிலத்தில் எழுதினால் தம் விதியைத் தாமே மீற நேரும் என்று அஞ்சினார் போலும். அவர் தொழிலால் கணித சாஸ்திரி. முடிவிலிக்கு இன்று நாம் இடும் படுக்கை எட்டுக் குறியை 1655-இல் வழக்குக்குக் கொண்டுவந்தவரும் அவரே. 'ஷல்', 'வில்' விவாதத்தைத் தொடங்கிவைத்தவர், இரண்டு ஆண்டுக்குள்ளாகவே முடிவின்மைக்கு ஒரு சின்னம் தேடிக்கொண்டது முற்றிலும் பொருத்தம். அக்குறியை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்திருக்க வேண்டும். பின்னால் நமக்கு வேலை இருக்கிறது.

விவாதம் முடியவில்லை. 1906-இல் ஃபௌலர் சகோதரர்கள் 'தி கிங்ஸ் இங்கிலீஷ்' என்னும் நூலை எழுதியபோது இந்த இரண்டு சொற்களுக்காகப் பக்கம் பக்கமாகச் செலவிட்டார்கள். செலவிடுவதற்கு முன் ஒரு முக்கியமான எச்சரிக்கையும் கொடுத்தார்கள்: தென் இங்கிலாந்தில் பிறந்தவனுக்கு இது இயல்பாகவே வந்துவிடும், ஆகவே அவனுக்கு இப்பகுதி தேவையில்லை, அங்கே பிறவாதவனுக்கு இது வருவது அரிது. அதாவது, தேவையுள்ளவனுக்குப் பயன்படாது, பயன்படுத்தக்கூடியவனுக்குத் தேவையில்லை. இத்துணை நேர்மையான பாயிரத்தை நான் வேறெந்த இலக்கண நூலிலும் கண்டதில்லை. பிறப்பினால் வரும் தகுதியைப் படிப்பினால் அடைய முடியாது என்னும் இந்தக் கொள்கையை நாம் நம் ஊரில் வேறு வேறு ரூபங்களில் கேட்டிருக்கிறோம். அங்கேயும் அது பொய்தான்.

பழைய இலக்கண ஆசிரியர்கள் வழிவழியாகச் சொல்லிவந்த ஒரு கதை உண்டு. அந்நியன் ஒருவன் ஆற்றில் தவறி விழுந்து, "நான் மூழ்கிவிடுவேன், என்னைக் காப்பாற்றுவார் ஒருவருமில்லை" என்று கதற எண்ணி, பதற்றத்தில் 'ஷல்' இருக்கவேண்டிய இடத்தில் 'வில்'லையும், 'வில்' இருக்கவேண்டிய இடத்தில் 'ஷல்'லையும் மாற்றி வைத்துவிட்டானாம். "நான் மூழ்கியே தீருவேன், எவனும் என்னைக் காப்பாற்றக் கூடாது" என்று அது பொருள்பட்டது. கரையில் நின்ற கனவான்கள் அவனுடைய சுயேச்சையில் தலையிட விரும்பாமல் தொப்பியைக் கழற்றி மரியாதை செய்துவிட்டுப் போய்விட்டார்கள். கதை கட்டுக்கதையாக இருக்கலாம், கனவான்கள் கட்டுக்கதையல்லர்.

எதிர்க்கட்சியின் வாதத்தையும் மறைக்கக்கூடாது. 1942-இல் பிலிப்பைன்ஸை விட்டு ஆஸ்திரேலியா வந்து சேர்ந்த தளபதி மக்கார்தர், திரும்பி வருவேன் என்று சொன்னபோது 'ஷல்' என்றுதான் சொன்னார். வாலிஸின் விதிப்படி அது வெறும் ஆரூடம். பஞ்சாங்கத்தில் மழை குறித்திருப்பது போன்றது. உலகமோ அதைச் சபதமாகவே கொண்டது. 1944 அக்டோபர் 20 அன்று லெய்ட்டே தீவின் கரையில், முழங்கால் அளவு தண்ணீரில் அவர் நடந்து வந்து இறங்கிய பிறகு, அவரிடம் போய் இலக்கணம் பேச ஒரு வையாகரணியும் முன்வரவில்லை.

நம் நியாயத்துக்கு இந்த வம்சாவளியிலிருந்தே மிகச் சிறந்த நிரூபணம் கிடைக்கிறது. கட்டாயத்தை உணர்த்தும் சொற்களை வலிமைப்படி வரிசையாக நிறுத்துவோம். 'மஸ்ட்' மிகக் கடுமையானது. அவர்கள் எழுத்தில் நான்கு. அடுத்தது 'ஷல்', எழுத்து ஐந்து. அதற்கும் அடுத்தது 'செய்தால் நல்லது' என்ற அளவில் நிற்கும் 'ஷுட்', எழுத்து ஆறு. ஓர் எழுத்து கூடும்போதெல்லாம் ஒரு படி பலம் இறங்குவதைக் காண்க. 2007-இல் அமெரிக்க மத்திய நீதிமன்றங்களின் சிவில் நடைமுறை விதிகளைத் திருத்தி எழுதியவர்கள், 'ஷல்' என்பது கட்டாயமா, அநுமதியா, வேறெதுவுமா என்று தெளியாமையால் அதைக் கூண்டோடு நீக்கிவிட்டு, கட்டாயம் வேண்டிய இடத்தில் 'மஸ்ட்'டைக் குடியேற்றினார்கள். ஓர் எழுத்தும் மிச்சமாயிற்று. ('மே' என்பதற்கு மூன்றே எழுத்து, அது கட்டாயமே அன்றே என்று யாரேனும் ஆட்சேபிக்கலாம். சில சட்டங்களில் 'மே' என்பதை 'ஷல்' என்றே பொருள்கொள்ள வேண்டுமென்று நீதிமன்றங்கள் தீர்ப்பளித்திருக்கின்றன என்பதை மட்டும் சொல்லி அவ்விடத்தை விட்டு விரைவாக நகர்ந்துவிடுகிறேன்.)

ஐந்துக்கும் ஆறுக்கும் உள்ள பேதம் ஏட்டளவில் நின்றிருந்தால் நானும் இவ்வளவு வற்புறுத்தமாட்டேன். 2015 டிசம்பர் 12, சனிக்கிழமை. பாரீஸுக்கு அருகில் லெ பூர்ஷேயில், பூமியின் வெப்பத்தைக் குறித்து இரண்டு வாரம் விவாதித்துக் களைத்துப் போயிருந்த ஏறத்தாழ இருநூறு நாடுகளின் பிரதிநிதிகள் முன் உடன்படிக்கையின் கடைசி நகல் வைக்கப்பட்டது. அதன் நான்காம் விதி, நான்காம் பிரிவில், வளர்ந்த நாடுகள் தம் புகையைக் குறைப்பதில் முன்னின்று வழிகாட்ட வேண்டும் என்ற இடத்தில் 'ஷல்' இருந்தது. அதற்கு அடுத்தாற்போல, வளரும் நாடுகளைப் பற்றிய இடத்தில் 'ஷுட்' இருந்தது. அமெரிக்க வழக்கறிஞர்களின் கண் அந்த 'ஷல்'லின் மேல் விழுந்தது. அது நின்றால் சட்டக் கடமையாகும். சட்டக் கடமையானால் அமெரிக்க செனட் சபையின் சம்மதம் வேண்டும். அந்தச் சபை சம்மதிக்குமா என்று கேட்கத் தேவையே இல்லை. கூட்டம் தொடங்கவில்லை. மண்டபத்தில் ஒருவர் காதில் ஒருவர் கிசுகிசுத்தபடி பிரதிநிதிகள் கூட்டம் கூட்டமாக நின்றார்கள். பிறகு சபை கூடியபோது, செயலகத்தைச் சேர்ந்த ஒருவர் எழுந்து, காற்புள்ளி, எண் முதலிய சில்லறைத் திருத்தங்களின் பட்டியலைச் சலிப்பூட்டும் குரலில் வாசித்தார். அந்தப் பட்டியலுக்கு நடுவே, ஏதோ கைப்பிழையைத் திருத்துகிறாற்போல, 'ஷல்' என்பது 'ஷுட்' ஆகிவிட்டது. தலைமை வகித்த பிரெஞ்சு அமைச்சர் லோரான் ஃபாபியுஸ் சிறிய சுத்தியலைத் தட்டினார். கரகோஷம் எழுந்தது. உலகத்தின் மிகப் பெரிய தேசங்களில் ஒன்றை உடன்படிக்கைக்குள் கொண்டுவந்தது அச்சுப்பிழைத் திருத்தம் என்னும் பெயரில் வந்த ஆறெழுத்துச் சொல். இதைச் சூழ்ச்சி என்பாரும் உண்டு. ராஜதந்திரம் என்பாரும் உண்டு. ஒரு நல்ல பிழைதிருத்துநரின் பணி என்றே நான் மதிக்கிறேன்.

வினைச்சொல்லின் வாலில் தொங்கும் 'அப்', 'டவுன்', 'அவுட்', 'ஆஃப்' முதலியவற்றின் கொடுமை சொல்லி மாளாது. டாக்டர் ஜான்சனே 1755-இல் தம் அகராதியின் முன்னுரையில், வினையோடு ஒரு சிறுசொல் ஒட்டிக்கொண்டு பொருளைத் திரித்துவிடும் இவ்வழக்கு அந்நியர்களுக்குப் பெரும் சங்கடம் விளைவிப்பதென்று ஒப்புக்கொண்டிருக்கிறார். 'புட்' என்றால் வைத்தல். அதோடு 'ஆஃப்' சேர்ந்தால் ஒத்திப்போடுதல், 'அவுட்' சேர்ந்தால் விளக்கை அணைத்தல், 'அப் வித்' சேர்ந்தால் சகித்துக்கொள்ளுதல்; மைத்துனரை ஒரு மாதம் வீட்டில் வைத்துக்கொள்வது 'புட் அப்', அந்த ஒரு மாதம் நாம் படுவது 'புட் அப் வித்'. வீடு எரிந்து போவதை 'பர்ன் டவுன்' என்றும் சொல்லலாம், 'பர்ன் அப்' என்றும் சொல்லலாம். மேலே எரிந்தாலும் கீழே எரிந்தாலும் மிஞ்சுவது சாம்பல் ஒன்றே. விண்ணப்பத்தை 'ஃபில் இன்' செய்தாலும் 'ஃபில் அவுட்' செய்தாலும் குமாஸ்தா நாளைக்கு வரச் சொல்வதில் வித்தியாசமில்லை.

ஆனால் வித்தியாசம் இருக்கிற இடத்தில் அது எத்தகையது என்பதைக் கிளாஸ்கோவில் உலகம் கண்டது. 2021 நவம்பர் 13, இதுவும் சனிக்கிழமை. வெள்ளிக்கிழமையோடு முடிந்திருக்க வேண்டிய பருவநிலை மகாநாடு ஒரு நாள் நீண்டு, இரவாகிவிட்டது. நகலில், நிலக்கரி மின்சாரத்தை 'ஃபேஸ் அவுட்' செய்ய முயல்வது என்று இருந்தது. படிப்படியாக ஒழித்துவிடுவது என்று அதன் தாத்பரியம். கடைசி நேரத்தில் இந்திய அமைச்சர் பூபேந்தர் யாதவ் எழுந்து, அதை 'ஃபேஸ் டவுன்' என்று மாற்றும் பாடத்தை வாசித்தார். ஒழித்தல் போய்க் குறைத்தல் வந்தது. தீவு நாடுகளும் ஸ்விட்ஸர்லாந்தும் ஆட்சேபித்தன. ஆட்சேபித்துவிட்டு, உள்ளதும் போய்விடக் கூடாதே என்று ஒப்புக்கொண்டன. தலைமை வகித்த அலோக் சர்மா மன்னிப்புக் கேட்கத் தொடங்கி, பாதியில் குரல் அடைத்து, வாயைப் பொத்திக்கொண்டு தலைகவிழ்ந்தார். பிறகு சுத்தியலைத் தட்டினார். நிலக்கரி வேண்டுமா வேண்டாமா, ஏழை நாட்டின் நியாயம் என்ன, பணக்கார நாட்டின் நியாயம் என்ன என்பவை வேறு கட்டுரைக்கு உரியவை. நம் சாஸ்திரத்துக்கு உரியது இது: 'அவுட்' மூன்றெழுத்து, 'டவுன்' நான்கெழுத்து. ஓர் எழுத்து ஏறியவுடன் வாக்கியத்தின் பலம் இறங்கிவிட்டது. லகு குரு நியாயத்துக்கு இதைவிடப் பகிரங்கமான பரிசோதனையை எந்த ஆராய்ச்சியாளனும் கனவிலும் எதிர்பார்க்க முடியாது.

இப்போது வாலிஸின் படுக்கை எட்டைக் கையில் எடுத்துக்கொள்வோம். எழுத்துத் தொகை குறையக் குறைய ஆற்றல் பெருகுமென்றால், எழுத்துத் தொகை பூஜ்யமாகும்போது ஆற்றல் என்னவாகும்? முடிவிலியாகும். அதாவது, வாக்கியத்தில் இல்லாத சொல்லே வாக்கியத்தில் மிக வலிய சொல். இது கணிதத்தால் கிடைத்த முடிபு; சரித்திரம் இதை ஆமோதிக்கிறது.

1631-இல் லண்டனில் ராஜாங்க அச்சகத்தார் ராபர்ட் பார்க்கரும் மார்ட்டின் லூக்காஸும் பைபிளை அச்சிட்டபோது, பத்துக் கட்டளைகளுள் பிறன்மனை விழைதலைத் தடுக்கும் ஏழாவது கட்டளையில் 'நாட்' என்னும் ஒரு சொல் விடுபட்டுப் போயிற்று. விபசாரம் செய்யாதிருப்பாயாக என்பது செய்வாயாக என்று ஆகிவிட்டது. தெய்வ ஆக்ஞையாகவே வந்துவிட்ட இந்தச் சலுகையை அரசர் முதலாம் சார்லஸ் ரசிக்கவில்லை. 300 பவுன் அபராதம் விதிக்கப்பட்டது, அச்சகத்தாரின் உரிமமும் பறிபோயிற்று. பிரதிகளைத் தேடிப் பிடித்து அழித்தார்கள். தப்பிப் பிழைத்த சிலவற்றை இன்று நூல்சேகரிப்போர் பெருந்தொகை கொடுத்து வாங்குகிறார்கள். 'நாட்' உள்ள பைபிளை அந்த விலைக்கு ஒருவரும் கேட்பதில்லை.

1969 ஜூலையில் சந்திரனில் கால் வைத்த நீல் ஆம்ஸ்ட்ராங் சொன்ன வாக்கியத்தில் ஓர் 'எ' கேட்கவில்லை. 'எ மேன்' என்றால் ஒரு தனி மனிதன். 'மேன்' என்று வெறுமனே சொன்னால் மனித குலம். ஆகவே அந்த மகோன்னதமான வாக்கியம், ஒலிநாடாவில் உள்ளபடி, மனித குலத்துக்கு ஒரு சின்ன அடி, மனித குலத்துக்கு ஒரு பெரும் பாய்ச்சல் என்று தன்னைத் தானே வெட்டிக்கொள்கிறது. 'எ' சொல்லத்தான் எண்ணினேன் என்றார் அவர். சந்திர மண்டலத்துக்கு மூன்று பேரைக் கொண்டுபோய்ப் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவந்த இயந்திரங்களெல்லாம் சேர்ந்தும், ஓர் எழுத்தைப் பூமிக்குக் கொண்டுவந்து சேர்க்க இயலவில்லை.

சொல்லும் அல்லாத காற்புள்ளி விஷயம் ஒன்றும் உண்டு. அமெரிக்காவில் மேய்ன் மாநிலத்துச் சட்டம், மிகுநேர வேலைக்குக் கூடுதல் கூலி பெறத் தகுதியற்ற தொழில்களை வரிசையாக அடுக்கிக்கொண்டே போய், கடைசி இரண்டுக்கும் நடுவே காற்புள்ளி இடாமல் விட்டுவிட்டது. அனுப்புவதற்காகவும் விநியோகிப்பதற்காகவும் கட்டுவது என்று அவ்விடத்தைப் படிக்கலாம். அனுப்புவதற்காகக் கட்டுவது ஒன்று, விநியோகிப்பது மற்றொன்று என்றும் படிக்கலாம். கூடுதல் கூலி கேட்டு வழக்குத் தொடுத்த பால் வண்டி ஓட்டுபவர்கள் விநியோகிப்பவர்களே தவிரக் கட்டுபவர்கள் அல்லர். 2017-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சந்தேகத்தின் பலனை அவர்களுக்கே கொடுத்தது. மறு ஆண்டு 50 லட்சம் டாலருக்கு வழக்கு சமரசமாயிற்று. இல்லாத காற்புள்ளிக்கு இவ்வளவு கிராக்கி.

நான்காவது உதாரணத்தில் சிரிப்பதற்கு ஒன்றுமில்லை. 1967 நவம்பர் 22 அன்று ஐக்கிய நாடுகளின் பாதுகாப்புச் சபை ஏகமனதாக நிறைவேற்றிய 242-ஆம் தீர்மானம், அவ்வாண்டு யுத்தத்தில் கைப்பற்றிய நிலப்பரப்புகளிலிருந்து இஸ்ரேலியப் படைகள் விலகவேண்டும் என்கிறது. ஆங்கிலப் பாடத்தில் நிலப்பரப்புகள் என்ற சொல்லுக்கு முன் 'தி' இல்லை. 'தி' இல்லையாகையால் எல்லா நிலமும் என்று பொருள்படாது என்றது ஒரு தரப்பு. பிரெஞ்சுப் பாடத்தில் உள்ள சொல்லுக்கு 'அந்த நிலப்பரப்புகள்' என்றே பொருள்கொள்ளலாம், யுத்தத்தால் நிலம் சேர்க்கக் கூடாதென்று அத்தீர்மானத்தின் முகவுரையே சொல்கிறதே என்றது மறு தரப்பு. தீர்மானத்தை உருவாக்கிய பிரிட்டிஷ் பிரதிநிதி கேரடன் பிரபு விளக்கம் சொல்லிச் சொல்லி ஓய்ந்தார். அரை நூற்றாண்டுக்கு மேலாகியும் அந்த மூன்றெழுத்து இல்லாத இடத்தின் வெறுமையைச் சுற்றி வழக்கு நடக்கிறது.

எஞ்சியிருப்பது 'ஒன்லி'. இதற்கு எழுத்து நான்குதான். ஆனால் இருக்கை மாறிக்கொண்டே இருக்கும் பிராணி. "நான் மாமாவிடம் காபி கேட்டேன்" என்ற நிரபராதியான வாக்கியத்தை ஆங்கிலத்தில் எழுதி, அதற்குள் 'ஒன்லி'யை அவிழ்த்துவிட்டுப் பாருங்கள். தொடக்கத்தில் நின்றால், வந்திருந்த பத்துப் பேரில் நான் ஒருவன்தான் வெட்கமில்லாமல் கேட்டேன் என்றாகும். 'கேட்டேன்' என்பதற்கு முன் நின்றால், கேட்டதற்கே மாமாவுக்கு இவ்வளவு கோபமா என்றாகும். மாமாவுக்கு முன் நின்றால், அத்தையிடம் கேட்க எனக்குத் தைரியமில்லை என்னும் குடும்ப ரகசியம் அம்பலமாகும். காபிக்கு முன் நின்றால், கூட வந்த கேசரிக்கு நான் ஜவாப்தாரி அல்லன். 'ஒன்லி' தன் சொல்லை ஒட்டியே நிற்கவேண்டும் என்று கண்டிப்பான பண்டிதர்கள் அடம்பிடிக்கிறார்கள். பேசுகிறவர்களோ அதை வினைக்கு முன்னே எறிந்துவிட்டுத் தொனியால் சரிக்கட்டிக்கொள்கிறார்கள். 1926-இல் மூத்த ஃபௌலர் தம் அகராதியில் பேசுகிறவர்கள் பக்கம் நின்று, பண்டிதர்களை நன்றாகவே பரிகசித்தார். ஆனால் மாற்று வழி எதையும் அவர் சொல்லவில்லை.

மாற்று வழி நம்மிடம் இருக்கிறது. சென்னையிலோ மதுரையிலோ எந்த அலுவலகத்திலும் போய்க் கேளுங்கள்: "அவர் இங்கேதான் இருக்கிறார்" என்பதை நம்மவர் 'ஹி இஸ் ஹியர் ஒன்லி' என்பார், "நேற்றுத்தான் வந்தது" என்பதை 'யெஸ்டர்டே ஒன்லி இட் கேம்' என்பார். இதைக் கேட்டு ஆங்கிலப் பட்டதாரிகள் முகம் சுளிக்கிறார்கள். சுளிக்கவேண்டியதில்லை. நம்மவர் செய்வதெல்லாம், 'தான்' என்பதையும் ஏகாரத்தையும் தமிழில் எந்த இடத்தில் வைப்பாரோ அந்த இடத்தில், அதாவது சுட்டவேண்டிய சொல்லின் வாலிலேயே, 'ஒன்லி'யை வைப்பதுதான். முன்னே ஒட்டுவதா, பின்னே ஒட்டுவதா, எதை ஒட்டுவது என்னும் சந்தேகத்துக்கே இதில் இடமில்லை. மாமா விஷயத்தில், 'அங்கிள் ஒன்லி' என்றால் மாமாதான். 'காஃபி ஒன்லி' என்றால் காபிதான். கேசரி வழக்கு அத்துடன் தள்ளுபடி. கண்டிப்பான பண்டிதர்கள் நெடுங்காலமாக வேண்டிய ஒழுங்கு இதுவே. அதை அவர்கள் நம் குமாஸ்தாக்களிடம் தேடாததுதான் குறை.

ஆகையால், நம் மாணாக்கர்களுக்கு ஆங்கில இலக்கண நூல் அச்சிடுவோர், பிழையான பிரயோகங்கள் என்னும் அத்தியாயத்திலிருந்து இந்தத் தென்னாட்டு 'ஒன்லி'யை அடுத்த பதிப்பிலேயே நீக்கி, சரியான பிரயோகங்கள் என்னும் அத்தியாயத்தில் சேர்த்துவிட வேண்டுமென்று விநயத்துடன் கேட்டுக்கொள்கிறேன்.